பெங்களூர் பேட்டையில் ஜன்னல் இல்லாத அறை

சென்ற சித்திரையில், என் மனைவி தனத்தின் கண் ஆபரேஷனுக்காக வாணியம்பாடியிலிருந்து பெங்களூர் போயிருந்தோம். ஒரு கண் முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணையும் மூன்று வருஷமாகப் புரை மூடி, உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துத்தான் பிரித்தறிந்தாள். இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை பாசஞ்சரில் ஏறினால் பிற்பகல் சிட்டி ஸ்டேஷன். அங்கிருந்து பேட்டை ஒரு மைல். ஜட்காக்காரர் ஆறணா கேட்டு நாலணாவுக்கு இறங்கினார்.

"கல்மண்டப ஓட்டலா சாமி? சாப்பாடு ஃபஸ்ட் கிளாஸ். உள் ரூமு மட்டும் வேணாம். ஜன்னலே கெடையாது, பகல்லயே லாந்தர் கொளுத்தணும்."

ஓட்டல் முதலாளி ரங்கண்ணா, பூர்வீகம் ஆற்காடு. அவர் முதலில் காட்டியதே அந்த அறையைத்தான். "மனுஷன் தங்குற எடமாய்யா இது?" என்று எகிறிவிட்டு, தெருப்பக்கத்து அறையை நாள் ஒரு ரூபாய்க்கு எடுத்தேன்.

ஆபரேஷன் ஆகிப் பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு வாரம் வெளிச்சமே படக்கூடாது. பட்டா, பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர். தெருப்பக்கத்து அறையிலோ விடிந்ததிலிருந்து வெயில். ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டும் பயனில்லை. கட்டுக்குமேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேறு ஓட்டல் தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரங்கண்ணா வாசலில் வந்து நின்றார். "சும்மா யோசிக்காதீங்க சார். அன்னிக்கு வேணாம்னீங்களே, அந்த ரூமுக்கு அம்மாவ கூட்டிட்டு வாங்க."

பேட்டையைச் சுற்றி மண்கோட்டை இருந்த காலத்தில், எருது ஓட்டிவரும் வியாபாரிகள் தங்கக் கட்டிய மண்டபமாம் அது. பிறகு யுத்தம் வந்தபோது சிப்பாய்கள் தூண்களுக்கிடையே கல்சுவர் எழுப்பி, உள்ளே வெடிமருந்து வைத்தார்கள். தீப்பொறி பறந்து வந்துவிடக் கூடாதே என்று ஜன்னலே விடவில்லை. அப்புறம் பஞ்சுக் கிடங்கு. ரயில் வந்து ஜனம் பெருகியபின் ஓட்டல். "மத்த எடமெல்லாம் ஜன்னல் வெச்சோம். இந்தச் சுவரப் பாத்துட்டுக் கல்தச்சருங்களே கைய விரிச்சுட்டாங்க" என்றார் ரங்கண்ணா.

நல்லவேளை விரித்தார்கள்! கதவைச் சாத்தியதும் பட்டப்பகல் இருட்டாயிற்று. உள்ளே பானைத் தண்ணீர்போல் குளிர்ச்சி. தனம் அப்போதுதான் கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்த டாக்டர் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, அறைக்குப் போய் நிதானமாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, மீசை இப்பிடி வெளுத்துப்போச்சு? ஒரு வார்த்த சொல்லலியே!"

நான் சிரித்தேனா அழுதேனா என்று வாசலில் நின்ற ரங்கண்ணாவைத்தான் கேட்க வேண்டும்.

போகிறவர்கள் முதலிலேயே உள் அறையைக் கேளுங்கள், வாடகை பாதிதான். கம்பளி அவசியம். ஆண்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டு அவிழ்க்கிற நாளில் நன்றாகச் சவரம் செய்துகொண்டு போங்கள். உங்களைப் பார்த்து வெகு நாளாகியிருக்கும்.