வெறுங்காலுக்குப் பத்துக்குப் பத்து

1. போன ஞாயிறு மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது அப்பா மயங்கி விழுந்தார்.
2. அரியலூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள்.
3. அன்றிலிருந்து அவர் பேசவில்லை.
4. இன்று வார்டு டிவியில் ஹாக்கி ஓடியது. பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் வரதராசன்பேட்டை வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். ஞாயிறுதோறும் கறி வேகும் மணத்தில், பி.டி. வாத்தியாரான அப்பாவும் திருச்சியில் பச்சைப் பாய் மாதிரி விரித்த டர்ஃபில் ஹாக்கி ஆடிய சித்தப்பாவும், எந்தக் காலத்து ஆட்டக்காரர் பெரியவர் என்று மல்லுக்கட்டுவார்கள்.

"கட்டாந்தரையில பந்த அடக்குனவன்தான்டா ஆட்டக்காரன். பாய் விரிச்சா எவன் வேணா ஆடுவான்."

"உங்க ஆள இன்னக்கி எறக்குனா பத்து நிமிசத்துல சோடா கேப்பாருண்ணே!"

பத்து வயதில் நான் வேகம், குறி, தடுப்பு என்று அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்தேன். சித்தப்பாவின் ஆட்கள் ஜெயித்தார்கள். அப்பா பேனாவைப் பிடுங்கி, 'வெறுங்காலில் ஆடியது' என்று இன்னொரு கட்டம் சேர்த்து, தன் ஆட்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டார்.

இன்று அவர் காதில் சொன்னேன்: "அப்பா, இப்ப ஆடுறவங்கதான் பெரிய ஆளுங்க." கோபமாவது வரட்டும் என்று காத்திருந்தேன். முகம் அசையவில்லை.

சித்தப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி, "இல்லண்ணே, உங்க ஆளுங்கதான். நான் ஒத்துக்கிறேன்" என்று அழுதார்.

"ஒத்துக்காதீங்க சித்தப்பா. சண்ட போடுங்க" என்றேன்.

அவர் போடவில்லை. அப்பா இன்னும் பேசவில்லை.