நாலு மைக்ரான் அக்கா

தனக்குள் ஒரு பழுது இருக்க வேண்டும் என்று ஒருவர் மனமார ஆசைப்பட முடியுமா? கேட்டால் அசட்டுக் கேள்வியாகத்தான் தோன்றும். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருஷமாகத் திசு சீவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வாழ்க்கை இதைத்தான் கேட்டது.

அவள் வேலை எளிதில் சொல்லிவிடக்கூடியது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த துணுக்கு மெழுகில் பதிந்து பிளாக்காக வரும். அதை இயந்திரத்தில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சீவ வேண்டும். ஒரு சீவலின் தடிமன் நாலு மைக்ரான். தலைமுடியைப் பதினைந்தாக வகிர்ந்தாற்போல. வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, சாயம் ஏற்றி மாடிக்கு அனுப்புவாள். அதனால்தான் அவள் 'நாலு மைக்ரான் அக்கா'. மேதை என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மடிப்பு விழாமல் சீவுவாள், அவ்வளவுதான். அது எல்லோருக்கும் வராது என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அதே கைதான். பஸ் ஓட்டுநரான கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்: "தட்டுல இருக்கறது தக்காளியா, தக்காளியோட நிழலா?"

"எது வயித்தை நிறைக்குதோ அதைச் சாப்பிடுங்க."

கீழ்த்தளத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தெரிந்தவர்களுடைய பிளாக்கைத் தானே சீவக்கூடாது. பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். ஐம்பத்தோராம் வயதில் அவளுடைய இடது மார்பிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு பிளாக்காகி வந்தபோது, பக்கத்து மேசைப் பாட்டுக்காரரிடம் தள்ளினாள். எப்போதும் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்தபடியே வேலை செய்கிறவர். அன்று வெகுநேரம் சீவிக்கொண்டிருந்தார்.

புற்றுநோய் என்று தெரிந்தது. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பழுது இருந்தால்தான் கேட்கும் என்று புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது; அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்க, அதே துணுக்கில் இன்னொரு சோதனை செய்ய நினைத்தார் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. அவள் பிளாக்கை எடுத்துப் பார்த்தால் துணுக்கே இல்லை, வெறும் மெழுகு.

"எங்கேப்பா போச்சு?" என்றாள் பாட்டுக்காரரிடம்.

"முதல்ல ஒரு மடிப்பு விழுந்துச்சு, அக்கா. அடுத்ததுல ஓரம் கிழிஞ்சுது. அழகா வரட்டுமேன்னு சீவிச் சீவித் தீர்ந்துபோச்சு..."

"கல்யாணப் போட்டோவா எடுக்கறே?"

"உங்களுதாச்சே!" என்றார். அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை.

துணுக்கு இல்லாததால் ரத்தத்தில் பார்க்க வேண்டியதாயிற்று. அதில்தான் சிக்கல். பழுது கட்டியில் மட்டும் உண்டானதாக இருந்தால் அவளோடு போயிற்று. ரத்தத்தில் இருந்தால் பிறவியிலேயே வந்தது; அவளைவிட நாலு வயது இளைய தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கியதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்குச் சொன்னாள். மார்பிலுள்ள செல்களில் டி.என்.ஏ. தினமும் எங்காவது உடைகிறது. தினமும் செல்லே அதைச் சரிசெய்துகொள்கிறது. அப்படிச் சரிசெய்ய ஒரு வழிக்கு இரண்டு வழி உண்டு. கணவர் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதாவது, அந்தப் பழுது இருந்தா, கட்டிக்குப் போற பாலம் ஏற்கெனவே உடைஞ்சு கிடக்கு. சுத்துவழியிலதான் வண்டி ஓடுது. மாத்திரை அந்தச் சுத்துவழியையும் மறிச்சிடும்."

"ஆமா. மத்த செல்லுல பழுதோட நல்ல பிரதி ஒண்ணும் இருக்கும், அதனால பாலம் நிக்கும், பொழைச்சுக்கும்."

"அப்போ பாலம் உடைஞ்சிருக்கணும்னு வேண்டிக்கணுமா?"

"எனக்காக வேண்டிக்கலாம்," என்றாள். தங்கைக்காக என்ன வேண்டுவது என்று இருவருமே கேட்கவில்லை.

தங்கை பள்ளிக்கூட டீச்சர். போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இதோ பார், நல்ல செய்தின்னா கூப்பிடு. கெட்ட செய்தின்னா உன்கிட்டயே வெச்சுக்கோ."

முடிவு வந்தது. பழுது இருந்தது, ரத்தத்தில். டாக்டரம்மா கைகுலுக்கினார். அன்று மாலையே அக்கா போனை எடுத்தாள்.

"நல்ல செய்திதான். எனக்கு மாத்திரை கேட்கும்."

"அப்பாடா!"

"நீ வந்து ரத்தம் குடுத்துட்டுப் போ."

எதற்கு என்பது தங்கைக்குப் புரிந்தது. சொன்னாள்: "இந்த மாதிரி நல்ல செய்தி உனக்குத்தான்டி சொல்ல வரும்."

அக்கா ஊசிமருந்தும் அறுவை சிகிச்சையும் முடித்து, ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். குமட்டலோடு வேலைக்கு வந்தாள். தக்காளி மெல்லிசாகவே இருந்தது. தங்கைக்கும் அதே பழுது இருப்பது தெரிந்து, மார்பு ஸ்கேனில் சிறியதாக ஒரு கட்டி தென்பட்டது. ஊசியால் துணுக்கு எடுத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தங்கையின் பெயர் எழுதிய பிளாக் அக்காவின் மேசைக்கு வந்தது.

பாட்டுக்காரர் கை நீட்டினார். "குடுங்க, அக்கா. இந்தத் தடவை பத்திரமா சீவறேன்."

அவள் கொடுக்கவில்லை. இயந்திரத்தில் பொருத்தி, டாக்டர்கள் கேட்ட கணக்குக்குச் சீவினாள். முதல் சீவலின் நடுவே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்: செல்கள் தெரிந்தன, மாடியில் படிக்க முடியும். இத்தனை வருஷத்தில் மடிப்போடு ஒரு கண்ணாடியும் அவள் மேசையிலிருந்து மாடிக்குப் போனதில்லை. அன்று போயிற்று. இன்னொரு சோதனைக்குப் போதும்படி பாதித் துணுக்குக்கு மேல் மிச்சமிருந்த பிளாக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அது புற்றுநோய் இல்லை, வெறும் சாதாரணக் கட்டி என்று வியாழக்கிழமை தெரிந்தது. விதியை மீறி ஏன் தானே சீவினாள் என்று பாட்டுக்காரர் பலமுறை கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வெந்நீரின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.