சித்தி சொன்னதும் நான் சொன்னதும்

போன மாதம் ஹட்டனில் ஒரு கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்காரி, அவளுக்கு எதிரே சிங்களம் மட்டும் தெரிந்த நர்ஸ், நடுவில் பாடசாலைச் சீருடையில் ஒரு சிறுமி. நர்ஸ் நீளமாகக் கேட்டார். சிறுமி அதைச் சுருக்கித் தமிழில் கேட்டாள். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாகச் சொன்னாள். சிறுமி நர்ஸிடம் திரும்பி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: "ஹொந்தாய்." நல்லா இருக்காங்க, அவ்வளவுதான்.

பிள்ளை பெற்றவர்களுக்குத் துணையாகப் போய்ப் பேச, வீட்டாள் அல்லாத, சிங்களம் தெரிந்த பெண்கள் நாலு பேர் தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தால் என்ன? பஸ் ஏறுவதற்குள் நாலு பேருடைய பெயரைக் கைபேசியில் எழுதிவிட்டேன். நான் அப்படித்தான், ஒன்று மனதில் பட்டால் சோறு இறங்காது. ஆனால் இது வெறும் அவசரப் புத்தி மட்டுமில்லை. அந்தச் சிறுமி நின்ற இடத்தில் நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்துக்கு லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாதவளுக்கு அக்கா வீடுதானே தாய்வீடு. சித்தப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. பிறந்தது பெண் குழந்தை. முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோசம். இரண்டாவது வாரம் சித்தி பேச்சைக் குறைத்தாள். மூன்றாவது வாரம் சாப்பாட்டையும் குறைத்தாள். அம்மா பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வைத்த பத்தியக் குழம்பு ஆறி ஆடை படிந்து கிடக்கும். குழந்தை அழுதால் பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும், சுடும் பாத்திரத்தை இறக்குவதுபோல் அவசரமாகப் பாயில் கிடத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"காத்து கருப்பு அண்டியிருக்கு. தலமாட்டுல இரும்பு வச்சீங்களா இல்லியா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

வைத்துத்தான் இருந்தோம், பாக்குவெட்டி. ஆனால் வெற்றிலை போடும்போதெல்லாம் அம்மா அதை எடுத்து எடுத்து வைத்ததால், அந்த இடைவெளியில்தான் பேய் புகுந்துவிட்டது என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அம்மா அன்றோடு வெற்றிலையை விட்டாள்.

அம்மாவின் பயம் பேய் அல்ல, சித்தப்பா வீடு. "இது அவங்க காதுக்குப் போச்சுன்னா, பைத்தியம்னு சொல்லிப் புள்ளய மட்டும் தூக்கிட்டு இவள இங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது என்னைப் பாடசாலைக்கு அனுப்பாமல் சித்திக்குக் காவல் வைத்தாள். "இந்தா பாரு, மிட்வைஃப் மிஸ் வந்து கேட்டாங்கன்னா வீட்டுக் கதைய அவுத்து விடாத. அவங்க எழுதிருவாங்க. எழுதுனா எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்."

மிஸ் அன்றே வந்தார். குழந்தையைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டு நிறுத்து, கிளினிக் அட்டையில் குறித்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் "சாப்பாடு சாப்பிட்டாச்சா" வரைதான். எனக்கோ கடைத்தெருப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம். "கெட்டிக்காரி!" என்று கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலை கூரையில் முட்டியது.

பிறகு சித்தியிடம் கேட்கச் சொன்னார்: மனசு எப்படி இருக்கிறது, அழுகை வருகிறதா, பயமாக இருக்கிறதா?

நான் கேட்டேன். சித்தி, பல நாளுக்கப்புறம், முழுசாகப் பேசினாள்.

"புள்ளயத் தூக்குனா கை நடுங்குது. கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. நா இல்லாட்டி இது நல்லா வளரும்னு தோணிக்கிட்டே இருக்கு. மிஸ்கிட்ட சொல்லு பாப்பா."

எனக்கு அது முழுவதும் சிங்களத்தில் தெரியும். கைக்கு, நடுக்கத்துக்கு, பயத்துக்கு, எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். அம்மாவின் முகம் கண்முன் வந்தது. நன்றாகத் தூங்குகிறாளாம், குழந்தையும் நன்றாகப் பால் குடிக்கிறதாம், எல்லாம் ஹொந்தாய் என்றேன். மிஸ் சிரித்துக்கொண்டே எழுதினார், குடையை விரித்துப் போய்விட்டார்.

ஹொந்தாய் என்ற அந்தச் சொல் தெரியாதவர்கள் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை, சித்தி உட்பட. சித்தி திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பகல் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். குழந்தை பாயில் தூங்கியது. சித்தி இல்லை. முப்பது நாள் கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக் கூடாது. சித்தி தாண்டியிருந்தாள், செருப்புகூடப் போடாமல். வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். குழந்தையை வாரிக்கொண்டு அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடினேன். பாதை வழுக்கிற இடத்திலெல்லாம் குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று என் கையும் நடுங்கியது. அம்மா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கொழுந்துக் கூடையைக் கழற்றி எறிந்தாள். அவளோடு நிரையில் நின்ற பெண்களெல்லாம் இறங்கினார்கள். ஓடைப் பக்கம் சிலர், ரயில் பாதைப் பக்கம் சிலர். அவர்கள் தேடிப் போன அந்த இடங்கள்தான் எனக்கு அதிகப் பயம் தந்தன.

மிஸ் கிளினிக் வைக்கும் தோட்டத்து மருந்துக் காம்பராவின் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாள் சித்தி. காலெல்லாம் சேறு. கையில் குழந்தையின் கிளினிக் அட்டை.

"ஏன்டி இப்பிடிப் பண்ற? ஊரே சிரிக்கப் போகுதுடி" என்று அம்மா கட்டிக்கொண்டு அழுதாள்.

"மிஸ் இல்லியே" என்றாள் சித்தி. அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்து மந்திரித்த கயிறு கட்டினார்கள். பேய் மருந்துக் காம்பரா வரைக்கும் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று முதல் அம்மா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே படுத்தாள். மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், சித்தி தானாகத்தான் தேறினாள். அது எங்கள் கெட்டிக்காரத்தனமில்லை, அதிர்ஷ்டம்.

தேறத் தொடங்கிய நாட்களில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் சிங்களப் புத்தகத்தைப் புரட்டுவாள். "பாப்பா, கைக்கு என்ன சொல்லுவாங்க? நடுங்குதுன்னா?" என்பாள். நான் டீச்சர் மாதிரி பிரம்பெடுத்து நின்று சொல்லிக்கொடுப்பேன். பிழையாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவள் சிரிக்காமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பாள். என்னோடு விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். இனி தன் வாயால்தான் சொல்லவேண்டும் என்று அவள் முடிவெடுத்துவிட்டது அந்தக் குட்டி டீச்சருக்கு விளங்கவில்லை.

இன்று சித்தி கொழும்பில் சிங்களம் சரளமாகப் பேசுகிறாள். வரும் ஞாயிறு ஊருக்கு வருகிறாள். என் பட்டியலில் ஐந்தாவதாக அவள் பெயரை எழுதிவைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்பவர்களுக்கு எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது என்று அவள்தான் பழக்கவேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னால், அன்று நான் மிஸ்ஸிடம் சொன்னது என்ன என்பதை என் வாயால் அவளிடம் சொல்லப் போகிறேன். தெரியும் பாப்பா என்று அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் இந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருக்கிறேன்.