அப்பாவும் படத்திலிருந்த பெரியவரும்

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். இதை அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன்.

அப்பா ஆம்பூர்ப் பக்கம் பிறந்தவர். இளவயதிலேயே பெங்களூர் வந்து, நீலசந்திராவில் குடியேறி, பழைய மரச்சாமான் கடையில் பாலிஷ் வேலை செய்தார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, வேலைக்குப் போன என் தம்பி திரும்பவில்லை. சில நாள் கழித்துக் காவல் நிலையத்தில் ரத்தம் படிந்த சட்டை ஒன்றைக் காட்டினார்கள். அப்பா விரித்துப் பார்த்து, "இது எங்க பையனுது இல்ல சார்" என்றார். அம்மா சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கடைக்கு ஒரு கட்டுப் படங்கள் வந்தன. டச்சுக்காரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பைபிள் காட்சிகள். ஒன்றில், நாலைந்து பேர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்ட, ஒரு பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்கிறார். கடை முதலாளி பாய்தான் அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார்.

"இவரு யாகூப் நபி. பையன் யூசுஃப ஓநாய் தின்னுடுச்சுன்னு அண்ணனுங்க சட்டைல ரத்தம் பூசிக் காட்றாங்க. எங்க மார்க்கத்துலயும் இந்தக் கதை இருக்கு."

"அப்ப பையன் சாகல?"

"இல்லப்பா. எகிப்துல பெரிய ஆளா இருந்தான்."

பாய்க்கு எங்கள் துயரம் தெரியும். படத்தை அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

அது எங்கள் கூடத்தில் தொங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா அதன் முன் நின்று, "நம்பாதீங்க பெரியவரே" என்று மெல்லச் சொல்வார். நெருக்கமான அந்தக் கோடுகளுக்குள் சட்டை அசைவதுபோல எனக்குத் தோன்றும். அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமலேயே பல வருடம் பரிமாறினார். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில், அப்பா அம்மாவை அருகில் கூப்பிட்டார்.

"அந்தச் சட்டைல ஒரு பட்டன், நீ வேற நூல்ல தச்சதுதானே?"

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"நீங்க அந்தப் படத்துகிட்ட பேசறப்ப, நான் மட்டும் எப்படிங்க சொல்லுவேன்?"

அதன்பின் இருவரும் வெகுநேரம் அழுதார்கள். மூன்றாம் நாள் அப்பா அமைதியாகக் கண் மூடினார்.

பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா ஐயரிடம், "எங்க பையன் பேரையும் சேத்துக்கோங்க சாமி" என்றார்.

"பையன் தவறிட்டாராம்மா?"

"ஆமா சாமி. தவறிட்டான்."

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை.

மருத்துவமனையில் துணையிருந்த பாய் குடும்பத்தாருக்கும், அந்த நாட்களில் தம்பியைத் தேடி எங்களோடு அலைந்த பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அண்ணாவுக்கும், தெருவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் முன், தம்பியைத் தெரிந்தவர்கள் அவனைப் பற்றி ஏதாவது ஒன்றை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கேட்க வேண்டும் என்கிறார்.