மூன்றடி தூரத்துக்கு ஒரு ரிவால்வர்

மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். காரைக்கால் பேருந்து நிலையத்தில் என் முதுகில் ஏறாத மூட்டை கிடையாது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அப்படிப்பட்டவன் ஏலத்தில் நின்று போலகம் சாராயக்கடையை எடுத்தேன் என்றால், அது என் தோள் சம்பாதித்தது. எவன் தயவும் இல்லை.

எனக்கு முன் அந்தக் கடையைப் பல வருடம் வைத்திருந்தவன் ஏலத்தில் என்னிடம் தோற்றான். கடை திறந்த கொஞ்ச நாளில், பட்டப்பகலில், குடிக்க வந்தவன்போல் வந்து நின்றான். சட்டைக்குப் பின்னால் இருந்து அரிவாளை உருவினான். கழுத்துக்கு வந்ததை வலது கையால் தடுத்தேன். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. கல்லாப்பெட்டியெல்லாம் ரத்தம். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பான். நான் விரல்களை வேட்டியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினேன். எலும்பு சத்தம் எனக்குக் கேட்டது.

"கடைய விட்டுட்டு ஓடிப்போயிரு. இல்ல, ஒன்ன பாடையிலதான் தூக்குவானுவ!" என்று கத்திக்கொண்டே நொண்டி ஓடினான்.

விரல்களைத் தைத்தார்கள். ஒட்டிக்கொண்டன, ஆனால் மடங்கவில்லை. அவன் ஜாமீனில் வெளியே வந்தான். கடையை விடுவதா, உயிரை விடுவதா என்று ஊரே என்னைக் கேட்டது. இரண்டையும் விடுகிற ஆள் நான் இல்லை. துப்பாக்கி உரிமத்துக்கு மனு போட்டேன்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், "எதுக்குப் பெரியவரே வம்பு? கடைய அவன்கிட்டயே குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல?" என்றார்.

"ஒங்க ஸ்டேஷன எவனாவது கேட்டா குடுத்துருவீங்களா சார்?"

மனிதர் சிரித்துவிட்டார். ரொம்ப நாள் அலைந்து உரிமம் வாங்கினேன்.

புதுச்சேரியில் துப்பாக்கி விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி போட்ட மனிதர். "என்ன உபயோகத்துக்குங்க அய்யா?" என்று கேட்டார்.

"வெட்ட வர்றவன சுட."

"எவ்வளவு தூரத்துல?"

நல்ல கேள்வி. வாங்கப் போகிறவன் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. "எங்க பக்கத்துல எவனும் தூர நின்னு கொல்ல மாட்டான். மூஞ்சிக்கு மூஞ்சி வந்துதான் வெட்டுவான். மூணடி வச்சுக்குங்க" என்றேன்.

புதிது ஒன்றை எடுத்து வைத்தார். பளபளப்பு, கையில் காகிதம் மாதிரி லேசு. ஆனால் விசை கெட்டி. வலது கை விரல் மடங்காது. இடது கையால் இழுத்தால் குழல் ஆட்டம் போட்டது. அடுத்தது நீளக் குழல். குறி பார்த்துச் சுடுகிறவனுக்கு அது சரி. வேட்டி கட்டுகிறவன் அதை இடுப்பிலிருந்து உருவி முடிப்பதற்குள் தலை போய்விடும். கீழ்த்தட்டில் ஒரு பழையது கிடந்தது. யாரோ விற்றுவிட்டுப் போனது. குழல் குட்டை. பூச்செல்லாம் உரிந்திருந்தது. புழங்கிப் புழங்கி விசை இளகி, என் இடது விரலுக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. தோட்டா போடும் உருளையைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆட்டம் இல்லை, துரு இல்லை.

"அது ரொம்ப கனங்க. பாக்கவும் நல்லா இருக்காது. வெலை மட்டுந்தான் கம்மி" என்றார்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? அதையே குடுங்க."

வீட்டில் என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, தேங்கா ஒடைக்கலாம் போலருக்கே!" என்றாள். அகலமான பச்சை பெல்ட்டில் இடது பக்கம் செருகி, சட்டையை மேலே விட்டுக்கொண்டேன். குளிக்கிற நேரம் தவிர அது என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவனும் போலகம் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்போதுதான் தலத்தெருவில் இருந்த என் அண்ணன் இறந்தார். கல்யாணம் ஆகாதவர். கொள்ளி வைக்க நான்தான். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குக் குளிக்கப் போனபோது சட்டையும் பெல்ட்டும் கழற்றியாக வேண்டும். ஈர வேட்டியில், வெற்று உடம்போடு, அதை எங்கே வைப்பது? மனைவியைக் கூப்பிட்டு அவள் மடியில் கட்டிவிட்டேன். எதற்கு எதற்கோ யோசித்துப் பொருத்தம் பார்த்து வாங்கியவன், எழவு வீட்டுக்கு மட்டும் யோசிக்கவில்லை.

அதை அவன் யோசித்திருந்தான்.

குளித்து வந்து வாசலில் நின்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையாகக் கை கொடுத்தார்கள். பறை முழங்கியது, வெடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். வரிசையில் அவன் வந்தான், தோளில் துண்டோடு, நொண்டிக்கொண்டு. சாவுக்கு வந்த பகையாளியை யாரும் போ என்று சொல்ல முடியாது. நீட்டிய கையைத் தொடாமல் இருக்கவும் முடியாது. இரண்டு கையையும் நீட்டினேன். வலது கையால் என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அழுத்தினான். இடது கை துண்டுக்குள் போனது.

"பாடைன்னு சொன்னன்ல" என்றான், என் காதோரம்.

சூரிக்கத்தி வயிற்றில் இறங்கியது. சூடாக இருந்தது. உருவி மறுபடி குத்த ஓங்கினான். மூட்டை தூக்கிய கையை அவனால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? இடது கையை உருவி, கத்தி பிடித்த அவன் மணிக்கட்டை முறுக்கினேன். இரண்டு பேரும் பாடைக்குக் கட்டி வைத்திருந்த மூங்கில்மேல் விழுந்தோம். நான் கீழே, அவன் மேலே. கத்தி முனை என் கண்ணுக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. வெடிச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். சுடத் தெரியாது அவளுக்கு. மடியிலிருந்த ரிவால்வரை உருவி, குழலைக் கையில் பிடித்து, பிடிக்கட்டையால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். அவன் திரும்பிய வேகத்தில் வாயில் ஒன்று. பல் என் மார்பில் விழுந்தது. அடுத்தது கண்ணில். "எழவு வூட்டுலயாடா? எழவு வூட்டுலயாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நான்கு பேர் சேர்ந்துதான் அவளை இழுக்க முடிந்தது.

பறை நின்றிருந்தது. "ஏன் நிறுத்துனீங்க? அடிங்க!" என்றேன். வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்து போய் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தேன். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி.

அவனுக்கு ஒரு கண் போனது. இப்போது உள்ளே இருக்கிறான். போலகம் கடை இன்றைக்கும் என் கையில். ரிவால்வரைத்தான் போலீஸ் எடுத்துக்கொண்டது. உரிமம் என் பேரில், ஆயுதம் அவள் கையில் என்று உரிமத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். தோட்டாவை எண்ணிப் பார்த்த இன்ஸ்பெக்டர், "ஒண்ணு கூட செலவாகலியே பெரியவரே" என்று வியந்தார். அந்தக் காகிதக் கனத்தை வாங்கியிருந்தால் இன்று நான் இல்லை. கடைக்காரருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது.

இதைப் போன வாரம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"திரும்ப லைசன்ஸ் கேக்குறதா இருந்தா எம்பேர்ல கேளுங்க. கனமும் நானே பாத்து எடுத்துக்குறேன்."