எங்க தெருவுக்கு ஃபீல்டு ஒர்க் பார்க்க வந்த சார்

பழனிவேலு சார் இறந்துட்டாராம்.

காலையில நஸ்ரின் போன் பண்ணிச் சொல்லுச்சு. "சரி சாமி"ன்னு வெச்சுட்டேன். அப்புறம் இட்லி ஊத்துனேன்... அழுகையும் வரலை, ஒண்ணும் வரலை.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சமூகப்பணி படிக்கிற காலேஜ் புள்ளைங்களை திருச்செங்கோட்டுப் பக்கம் எங்க தெருவுக்கு ஃபீல்டு ஒர்க்குக்கு அனுப்புவாங்க. நஸ்ரின் அப்படி வந்த புள்ளை. அது செய்யறதைப் பாக்க வர்ற சூப்பர்வைசர்தான் சார்.

அப்ப எங்க தெருவுல பொம்பளைங்களுக்குக் கக்கூசு கட்டி முடிச்சும் பூட்டியே கிடந்துச்சு. போர்வெல் போடற ரிக் வண்டிங்க நிக்கற செட்டுக்குப் பின்னாடிதான் ஒதுங்கணும். வயசுக்கு வந்த புள்ளைங்களும்.

நஸ்ரின் டீக்கடையில நின்ன ஆம்பளைங்களைக் கேட்டு, தெருவிளக்கு வேணும்னு மனு எழுதிருச்சு. நல்ல புள்ளை கேக்குதேன்னு நாங்களும் வரிசையா கையெழுத்துப் போட்டோம்.

சார் வந்து மனுவை என் கையில குடுத்தார். "ஏனுங்கம்மா, இதுல என்னங்க எழுதியிருக்குது?"

மனுவைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். தெருவே பாத்துச்சு.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

பக்கத்து ஊட்டுக்காரி சிரிச்சா. அவளும் படிக்காமத்தான் போட்டிருந்தா. அதையும் நான் மறக்கலை.

நஸ்ரினுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஊடு ஊடா போய் மொதல்ல பொம்பளைங்களைக் கேளும்மா. பேனாவை அப்புறம் எடுக்கலாம்"னார் சார்.

அப்புறம் கக்கூசுக்குன்னு வேற மனு. படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

திங்கக்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு பேர் போனோம், சாரும் கூட வந்தார். அங்க இருந்த ஆபீசர், சாரைப் பாத்து, "நீங்க சொல்லுங்க"ன்னார்.

"நான் சும்மா கூட வந்தவனுங்க. அம்மாவைக் கேளுங்க"ன்னு ஒதுங்கிட்டார் மனுசன்.

உள்ளுக்குள்ள சாரை அத்தனை திட்டு... அந்தக் கோவத்துலயே சொன்னேன்.

"கட்டுன கக்கூசுக்குச் சாவி குடுங்க. இல்லாட்டி தெனமும் உங்க ஆபீசு கக்கூசுக்கே வாரோம்."

வியாழக்கிழமை தொறந்துட்டாங்க.

பின்னால ஒருநாள் சார் வந்தார். "இன்னும் கோவமாங்கம்மா?"

"ஆமாங்க"ன்னேன்.

"இருக்கட்டுங்க"ன்னு நஸ்ரின் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். ஒரு டீ கூட வெச்சுக் குடுக்கலை நான்.

அப்புறம் பாக்கவே இல்லை.

எருமப்பட்டியிலதான் ஊடாம். மத்தியானம் எடுக்கறாங்களாம்.

பஸ் ஏறிட்டேன். கோவம் இன்னும் போகலைங்க சார்... வாரேன், இருங்க.