அக்கா போட்ட உப்பு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊராருக்கும் என் வணக்கம். நான் அதிகம் பேசாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியும் பழக்கமில்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். “அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும் மாமா” என்று அக்கா மகள் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் பூந்தோட்டத்து வீட்டில். எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அன்று அடுப்படிக்குள் போனவர், போன வருஷத் தைப் பொங்கல் வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் நல்ல நாள் வந்தால் எங்கள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் ஒரே உலைதான். மச்சான் காலமான பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

சித்திரை முதல் நாள் வேப்பம்பூ ரசம். பலா பழுக்கும் மாதங்களில் முருங்கைக்கீரையோடு பலாக்கொட்டைப் பொரியல். ஆடிப் பதினெட்டுக்குக் காப்பரிசி. தீபாவளிக்கு அதிரசம், பாகு பதம் பார்க்கும்போது யாரும் பக்கத்தில் போய்ப் பேச முடியாது. கார்த்திகைக்குப் பொரியுருண்டை. சிவராத்திரிக்கு அவித்த சர்க்கரைவள்ளி. இப்போதும் ஒரு மாதம் பிறந்தால் என் மூக்குதான் முதலில் அக்காவைத் தேடுகிறது.

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நல்ல நாள் சமையலுக்கு அக்கா உப்பைக் கையளவில் போடுவார். கொதிக்கும்போது குனிந்து வாசனை பிடிப்பார். “பத்தலைன்னா வாசனை மொட்டையா வரும்டா” என்பார். படைத்து முடித்ததும் முதல் இலை எனக்கு. நான் ஒரு வாய் வைப்பதற்குள் எதிரில் வந்து நிற்பார்.

“தம்பி, உப்பு எப்படிடா?”

நான் தலையை ஆட்டுவேன்.

“வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா? நல்லாருக்குன்னு சொன்னா முத்தா உதிர்ந்துரும்?”

“அதான் தலை ஆடுதுல்ல, விடுங்க அண்ணி. எனக்கு அதுவும் கெடையாது” என்பாள் என் மனைவி. எல்லாரும் சிரிப்பார்கள்.

நாற்பது வருஷம் இதே கேள்வி, இதே பதில். நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சம். அடுத்த பண்டிகைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். மருந்தில் நாக்கும் மூக்கும் செத்துவிட்டன. நாங்கள் தடுத்தும் கேட்காமல், போன வருஷப் பொங்கலன்று அக்காவே மொச்சையும் பரங்கிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தார். படைத்தோம். முதல் இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். கரித்தது. உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார்.

“தம்பி, உப்பு எப்படிடா?”

அவருடைய மெலிந்த முகத்தைப் பார்த்ததும், “நல்லாருக்குக்கா, சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இத்தன வருஷம் வாயத் தொறக்காதவன் இன்னைக்குத் தொறந்துட்டான். அப்ப கரிக்குதுதானே?”

குனிந்துகொண்டு அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன்.

“போதும்டா, எலையோட முழுங்கிறாத. தண்ணியக் குடி” என்று செம்பை நகர்த்தி வைத்தார். கரண்டியை என் மனைவி கையில் கொடுத்து, “இனிமே நீ போடு. கையளவு போடு, ருசி பாக்காத” என்றார். அதற்குப் பிறகு அக்கா அடுப்படிக்குள் போகவில்லை. சிவராத்திரிக்குக் கிழங்கு வாங்கி வைத்திருந்தோம். அதற்கு மூன்று நாள் முன்பே போய்விட்டார்.

சரியாக இருந்த நாளெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்ன ஒரு நாளும் பொய் சொன்னேன். இந்த ஒரு வருஷமாக எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் எல்லார் முன்னாலும் எழுதி வைக்கிறேன். அக்கா, வேப்பம்பூ ரசம் நன்றாக இருந்தது. அதிரசம் நன்றாக இருந்தது. அந்த ஒரு குழம்பைத் தவிர எல்லாமே நன்றாக இருந்தது.

கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அக்காவுக்கு இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

நினைவு நாள் படையலுக்கும் அதே மொச்சைக் குழம்புதான். என் மனைவி ருசி பார்க்காமல் உப்புப் போடுவாள். முதல் இலையில் நான் உட்காருவேன். எதிரில் வந்து நின்று கேட்க ஆள் இருக்காது. இருந்தாலும், உப்பு சரியாக இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அக்கா நம்ப மாட்டார். தலையை ஆட்டுவேன்.